மீன் தொட்டி ஹீட்டரும் ஒரு பியூஸ் கட்டையும்

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உன் அப்பா சுகம். மாடு சுகம். சம்பா பால் பிடித்து நிற்கிறது, இந்த வருஷம் புகையான் பூச்சித் தொல்லைகூட இல்லை. நான் மட்டும் சுகமாக இல்லை. பத்து நாளாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று என் மருமகள் கவிதாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். சிரி. ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுச் சிரி. போனில் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று 'சரிம்மா' சொல்லிவிடுகிறாய், பிறகு ஆபீஸ் போன் வருகிறது என்று கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது இல்லையா? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ உன் மீன் தொட்டியைக் காட்டினாய். குன்னூர் குளிருக்கு உள்ளே பச்சைப்பசேல் என்று செடியும் கொடியுமாக, நம் வாய்க்காலில் ஒரு முழம் பெயர்த்துக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. யாழினி பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டிருந்தாள். "அப்பாயி, மீனு என் கையைக் கிச்சுகிச்சு மூட்டுது" என்று குழந்தை சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் செடிக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிக் குழாய் தெரிந்தது. சிவப்பு லைட் எரிந்தது. குழாயின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"அது என்னடா, உள்ளுக்குள்ள தண்ணி நிக்குது?" என்றேன்.

"ஹீட்டர்ம்மா. ஆன்லைன்ல சல்லிசா கெடச்சுது. லேசா வேர்க்குது, ஆனா நல்லா வேலை செய்யுது. கைய விட்டா கொஞ்சம் ஜிவ்வுங்கும், அவ்ளோதான். ஒன்னும் பண்ணாது."

"கரண்ட் சாமான்டா. கரண்ட் கசிஞ்சா தானா விழுமே, அந்த டிரிப்பர் வீட்ல இருக்குல்ல?"

"அது சும்மா சும்மா விழுந்துட்டே இருந்துச்சும்மா. டிவி கட்டாவுது, வைஃபை கட்டாவுது. ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்ட்டு அதக் கழட்டிட்டு டைரக்ட் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்து உன் மேனேஜரைப் பற்றி ஏதோ பேசினாய். எனக்குக் காது அடைத்துவிட்டது. குழந்தை இன்னும் கையை எடுக்கவில்லை. மீன் கிச்சுகிச்சு மூட்டுகிறதா, வேறெதுவா? நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டில் இருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நீ போனை வைத்துவிட்டாய். நான் கவிதாவுக்குப் போட்டு, "பிளக்கைப் பிடுங்குடி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். மகராசி, எதிர்த்து ஒரு கேள்வி கேட்காமல் பிடுங்கினாள். பிடுங்கியது மட்டுமா, நீ மறுபடி மாட்டிவிடுவாய் என்று தெரிந்து ஹீட்டரை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள். நான்கு நாளாக நீ வீடு முழுக்கத் தேடினாயாமே. இப்போது சொல்கிறேன், அது அரிசி டிரம்மில் இருக்கிறது. எடுத்து உடைத்துக் குப்பையில் போடு. இல்லையென்றால் இனி உனக்கு அரிசியே கிடையாது.

உன் கோபமும் எனக்குப் புரியாமல் இல்லை. மீனெல்லாம் அடியில் சுருண்டு கிடக்கிறது, மேலே வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது, எங்க அம்மாவால என் தொட்டியே போச்சு என்று அவளிடம் கத்தினாயாம். அவள் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடி, தொட்டியில் மிதக்கவிட்டு, வேளைக்கு வேளை மாற்றிக்கொண்டிருக்கிறாள். உன் மீனைக் காப்பாற்றுவது அவள்தான், அதையும் தெரிந்துகொள். மீன் சாகட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசையாக வளர்க்கிறாய், அது வாழட்டும். அதற்காகத்தான் புதன்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போனேன்.

"மீனுக்கு ஹீட்டரா? நம்ம ஊர்ல மீனு கொழம்புலதானடி சூடாவும்" என்று உன் அப்பா கிண்டல் பண்ணினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலர் மீன் விற்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடையில் இருந்தது உன் வயதுப் பெண் ஒருத்தி. புருஷனும் அவளுமாக நடத்துகிறார்களாம்.

"சொல்லுங்கம்மா, என்ன மீனு வளக்குறீங்க?"

"நான் கொழம்புதான் வைப்பேன். வளக்குறது எம் மவன். குன்னூர்ல இருக்கான்."

அவள் சிரித்துவிட்டு, தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவெல்லாம் நிலம் அளக்கிற மாவும் குழியும்தான். அங்கேயே நின்று கவிதாவுக்குப் போன் போட்டு டேப் வைத்து அளக்கச் சொன்னேன். நீளம் இரண்டடி, அகலம் ஒரு அடி, உயரம் ஒன்றேகால். மண், கல், மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் அறுபது லிட்டருக்குள்தான் தண்ணீர் நிற்கும் என்று அந்தக் கடைக்காரப் பெண் கணக்குப் போட்டாள். இப்போது இருப்பது எத்தனை வாட் என்று கேட்டாள். கவிதா அரிசிக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்து, முந்நூறு என்றாள். கடைக்காரப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அறுவது லிட்டருக்கு முந்நூறாம்மா? சூடு பத்துனதும் தன்னால அணையணும், அதுக்கு உள்ள ஒன்னு இருக்கும். அது ஒட்டிக்கிச்சுன்னா அணையாது. மீனு வெந்துரும். நீங்க கொழம்பு வைக்கிற வேல மிச்சம்."

பெருசாக வாங்கினால் சீக்கிரம் சூடாகும் என்று நினைத்திருப்பாய். உன் குணம்தான் எனக்குத் தெரியுமே, சைக்கிள் வாங்கினாலே காலுக்கு எட்டாத சைக்கிளாகத்தான் வாங்குவாய். அந்தப் பெண் சொன்னது வேறு. ஐம்பது வாட்டில் இரண்டு வாங்கி, தொட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வை என்றாள். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் அவ்வளவு தண்ணீரைக் கொதிக்கவைக்க அதற்குத் தெம்பு கிடையாது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது தாக்குப்பிடிக்கும், நீ கவனித்து மாற்றுவதற்கு நேரம் இருக்கும். இது எனக்கு உடனே பிடித்துப்போனது. கண்ணாடிக் குழாய் வேண்டாம் என்றேன். நீ கல்லை நகர்த்துவாய், குழந்தை கரண்டியை விடும், கண்ணாடி எத்தனை நாளைக்கு? கெட்டியான பிளாஸ்டிக் உடம்பு, மேலே ஒரு கூண்டு, தண்ணீர் குறைந்தால் தானே அணைந்துவிடுவது, அதைத்தான் வாங்கினேன். பெட்டியில் செய்த கம்பெனி பெயரும் ஊரும் கேரண்டியும் போட்டிருக்கிறது. உன் சாமான் பெட்டியில் என்ன போட்டிருந்தது? கவிதா தேடிப் பார்த்துவிட்டு, ஒரு மீன் படம்தான் இருக்கிறது என்றாள்.

சின்ன ஹீட்டர் என்றால் கரண்ட் கம்மியாகக் குடிக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். தொட்டி எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறதோ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பெரியது கொஞ்ச நேரம் எரியும், சின்னது கூட நேரம் எரியும். பில் குறைய வேண்டுமானால் சூடு வெளியே போகாமல் பார்க்க வேண்டும். நீ அழகுக்காகத் தொட்டியைத் திறந்துபோட்டிருக்கிறாய். மேலே ஒரு கண்ணாடி மூடி போடு. பின்பக்கமும் அடியிலும் தெர்மகோல் வை, ஜன்னலை விட்டுத் தள்ளி வை. நீ இருபத்தெட்டு டிகிரியில் வைத்திருந்தாயாம். உன் மீனுக்கும் செடிக்கும் இருபத்து நாலு போதும், செடி இன்னும் நன்றாக வரும் என்கிறாள் அந்தப் பெண். நோய் தீர்கிற வரைக்கும் மட்டும் கொஞ்சம் கூட்டச் சொன்னாள், அதையும் அவளிடமே போன் போட்டுக் கேட்டுச் செய். நம்பரைப் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். இலை ஹீட்டர் மேல் படக்கூடாது, வெந்துபோகும். மண்ணில் புதைக்கக்கூடாது. பில்டரிலிருந்து தண்ணீர் ஓடிவருகிற இடத்தில் வைத்தால் சூடு எல்லாப் பக்கமும் பரவும். ஹீட்டரில் இருக்கும் நம்பரை நம்பாதே, தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன், அதைத் தினமும் பார். ஒயர் பிளக்குக்குப் போகும்போது கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் கழித்துத்தான் கையை விட வேண்டும். நீயும்தான். அதைவிட முக்கியமாக யாழினி.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தப் பெண் கடைசியில் ஒன்று கேட்டாள். "வீட்ல டிரிப்பர் இருக்குல்லம்மா? அது இல்லாம எந்த ஹீட்டரும் குடுக்க எனக்கு மனசு வராது." நான் இருக்கு என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொய் என்னை உட்காரவிடவில்லை. ஏற்கெனவே கரண்ட் விஷயத்தில் நான் சொன்ன ஒரு பொய் இருபத்தைந்து வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம். உன் அப்பா துபாயில் இருந்தார். குறுவைக்கு மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை, வாய்க்காலில் மண்தான் பறந்தது. போர்செட்டை நம்பித்தான் நடவு. நாற்று முற்றிக்கொண்டே போகிறது, த்ரீ பேஸ் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம்தான் வரும், அதற்குள் வயலை நனைத்தாக வேண்டும். மோட்டாரைப் போட்டால் பியூஸ் போய்விடுகிறது. மாற்றுவேன், மறுபடி போகும். வயர்மேனுக்குச் சொல்லி அனுப்பினேன். "மோட்டார்ல எங்கயோ லீக்கேஜ் இருக்கும்க்கா. ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன், அதுவரைக்கும் ஓட்டாதீங்க" என்றான். இரண்டு நாளா? வயலில் இருபது பேர் நடவுக்கு நிற்கிறார்கள். உன் பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு, "பொம்பள போர்செட் ஓட்டுனா இப்படித்தான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மோட்டார் கொட்டகைக்குள் போனேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, மெல்லிய பியூஸ் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டுக்கம்பியை மூன்று சுற்று முறுக்கி மாட்டினேன். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். மோட்டார் ஓடியது. பியூஸ் போகவே இல்லை. என்ன சந்தோஷம் எனக்கு! பெரியப்பாவைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நடவுக்கு வந்த அஞ்சலை காலையிலேயே சொன்னாள். "பைப்பத் தொட்டா ஜிவ்வுங்குதுக்கா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்னும் பண்ணாதுடி, நடவப் பாரு" என்றேன். அன்றைக்கு வீடியோவில் நீ அதே வார்த்தையைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். பையை வேலியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போர்செட் தொட்டியில் இறங்கி இரும்புக் குழாயைப் பிடித்தாய். அஞ்சலை போட்ட கூச்சலில் திரும்பினேன். நீ குழாயைப் பிடித்தபடி நின்றாய். விடவில்லை. விட முடியவில்லை. உன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. நான் கொட்டகைக்கு ஓடி மெயினை இறக்கினேன். பத்து எட்டு வைக்கிற தூரம்தான் அது. நான் இன்னும் அதை ஓடி முடித்தபாடில்லை, தம்பி. திரும்பி வந்தபோது அஞ்சலை உன்னைத் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டு, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். கண் சொருகிக் கிடந்தாய். நான் நின்றேன். வெறுமனே நின்றேன். அவள் அழுத்தினாள், அழுத்தினாள், நீ ஒரு இருமு இருமினாய்.

உனக்கு எதுவும் நினைவில்லை. விழித்ததும் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாய், குழாய் கையைக் கிழித்துவிட்டது என்றேன். டாக்டரிடம் மட்டும் காதோடு உண்மையைச் சொன்னேன். அவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஊருக்கும் அதே பொய், துபாய்க்கும் அதே பொய். பொம்பளை போர்செட் ஓட்டி மகனைக் கொல்லப் பார்த்தாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது, அதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அஞ்சலை கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் வலது உள்ளங்கையில் இருக்கும் தழும்பு குழாய் கிழித்ததில்லை. கரண்ட் சுட்டது.

அதோடு விட்டேனா? பொய் நிற்க வேண்டும் என்பதற்காக உன்னைத் திட்டினேன். "பாசியப் பாத்துக் கால வைக்கத் தெரியாதா? அஜாக்கிரத புடிச்சவன்" என்று ஒரு தடவை இல்லை, வருஷக்கணக்காகச் சொன்னேன். போன மாதம் கவிதா பேச்சுவாக்கில் சொன்னாள், "அவுருக்கு அவுருமேலயே நம்பிக்கை இல்லத்த. நான் சின்னதுலேர்ந்தே அஜாக்கிரதைன்னு அவரே சொல்லுவாரு" என்று. நான் அடுப்படியில் போய் அழுதேன். தம்பி, நீ அஜாக்கிரதையான பிள்ளை இல்லை. நீ பாசியில் வழுக்கவே இல்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தண்ணீர் குடிக்கப் போனாய். தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, அது உன் பாடு. ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் இன்றோடு இறக்கி வைத்துவிடு.

உன் அப்பாவிடம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துபோய்விட்டார். வெகுநேரம் கொல்லையில் நின்றார். திரும்பி வந்து, "இத்தனை வருசமாவா இத ஒண்டியா சொமந்துக்கிட்டு இருந்த?" என்றார். அப்புறம், "அவனுக்கு எழுது. நானே கொண்டுபோய் கொரியர்ல போட்டுட்டு வரேன்" என்றார். இப்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

பார்சலில் இரண்டு ஹீட்டரும் தெர்மாமீட்டரும் இருக்கும். அதற்கு அடியில் பழைய பேப்பரில் சுற்றி ஒரு பியூஸ் கட்டை இருக்கும். அதே கட்டைதான், கட்டுக்கம்பியை அவிழ்க்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துப் பார். பார்த்துவிட்டு முதல் வேலையாக ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த டிரிப்பரைத் திரும்ப மாட்டு. எர்த்தையும் சோதிக்கச் சொல். வீட்டுக்காரர் வாடகை வீட்டில் கை வைக்கக்கூடாது என்றால் போனை என்னிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். டிரிப்பர் விழுந்தால் அதன்மேல் கோபப்படாதே, எங்கோ கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. அன்றைக்கு என் பியூஸும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். அது மாட்டி முடிகிறவரைக்கும் ஹீட்டர் பெட்டியைப் பிரிக்கக்கூடாது. மீன் இன்னும் இரண்டு நாள் கவிதாவின் வெந்நீர் பாட்டிலில் தாக்குப்பிடிக்கும்.

மாட்டி முடித்ததும் எனக்கு வீடியோ கால் போடு. உன் வீட்டில் சிக்னல் கிடையாது, வைஃபையில்தான் பேசுவாய், எனக்குத் தெரியும். யாழினியைக் கவிதா தூக்கிக்கொள்ளட்டும். நீ மெயின் பாக்ஸைத் திறந்து, டிரிப்பரில் இங்கிலீஷ் 'டி' என்று போட்டிருக்கும் சின்ன டெஸ்ட் பட்டனை அமுக்கு. அது சரியாக இருந்தால் டப்பென்று விழும், வீடே அணையும், வைஃபையும் அணையும். இத்தனை வருஷமாக நீ போனைக் கட் பண்ணும்போதெல்லாம் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு தடவை மட்டும், பேசிக்கொண்டிருக்கும்போதே உன் முகம் பட்டென்று மறைய வேண்டும் என்று கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அது மறைந்த பிறகுதான் நான் சாப்பிடப் போவேன்.

அம்மா